விருந்தில் சர்க்கரையைக் கொஞ்சம் குறைப்போமா?

நம் சங்கத்தில் எந்த விழா நடந்தாலும், அழைப்பிதழில் அச்சிடாத நிகழ்ச்சி ஒன்று உண்டு. இனிப்பு வழங்கல்! பொங்கல் என்றால் சர்க்கரைப் பொங்கல் வேண்டியதுதான். அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதோடு நிற்கிறோமா? குலாப் ஜாமுன் வருகிறது. தில்லிக் குளிருக்கு இதமாகக் காஜர் அல்வா வருகிறது. குழந்தைகள் கையில் குளிர்பானம். காப்பியிலோ கேட்காமலே இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஊர் இனிப்பையும் விடாமல், வடநாட்டு இனிப்பையும் சேர்த்துக்கொண்டவர்கள் நாம். தீபாவளிக்கு வீட்டில் செய்தது போதாதென்று ஆபீசிலிருந்து மிட்டாய் டப்பாக்கள் வேறு. சோன் பாப்டி டப்பாவை மட்டும் யாரும் பிரிக்காமல் வீடு வீடாக அனுப்பிக்கொண்டிருப்பதால் அந்த மட்டில் தப்பித்தோம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிபுணர்கள் நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2023-இல் வெளியாயிற்று. அதன்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100-க்கு 14.4 பேர், நாம் பிழைக்க வந்த தில்லியில் 17.8 பேர். ஊர் மாறியதில் இந்த ஒரு விஷயத்தில் நமக்கு லாபமில்லை.

இதற்கெல்லாம் சர்க்கரை ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பரம்பரை உண்டு, மூன்று வேளை அரிசி உண்டு, நாற்காலியை விட்டு எழாத வேலையும் உண்டு. ஆனால் அளவுக்கு மீறிய சர்க்கரை உடல் எடையை ஏற்றுகிறது. கல்லீரலில் கொழுப்பாகப் படிகிறது. மதுவைத் தொட்டே பார்க்காதவருக்கும் ஈரல் கொழுப்பு என்று டாக்டர் சொல்லும்போது குடும்பமே திகைக்கிறது. குழந்தைகளின் பல் சொத்தையைச் சொல்லவே வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் ஒரு கணக்குச் சொன்னது. ஒருவர் நாளொன்றுக்குச் சுமார் 25 கிராம், அதாவது ஆறு டீஸ்பூன் சர்க்கரையோடு நிறுத்திக்கொண்டால் நல்லது. கோலா பானம் 300 மில்லி குடித்தாலே எட்டு ஸ்பூன் ஆகிவிடுகிறது. உங்கள் வீட்டு மளிகைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். நாலு பேருக்கு மாதம் ஐந்து கிலோ என்றால், ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து ஸ்பூன். பிஸ்கட்டும் ஜாமும் கடை மிட்டாயும் இதில் சேரவில்லை.

“நாங்கள் வெல்லம்தான், நாட்டுச் சர்க்கரைதான்” என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். வெல்லத்துக்கு மணம் உண்டு, ருசி உண்டு, கொஞ்சம் தாது உப்புகளும் உண்டு. ஆனாலும் அதில் பெரும்பகுதி சர்க்கரைதான். ரத்தத்துக்கு அது வெள்ளையா பழுப்பா என்று தெரியாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் தேனும் பழச்சாறும்கூடச் சேர்த்திதான்.

என்னை இதை எழுத வைத்தது வேறொன்று. என் நண்பர் ஒருவருக்கு நீரிழிவினால் கால் புண் ஆறாமல் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். விஷயம் தெரிந்தவர்களே, விழாவுக்கு வந்த அவர் கையில் ஜாமுன் கிண்ணத்தைத் திணித்து, “ஒரு நாள் சாப்பிட்டால் என்ன சார் ஆகிவிடும்?” என்று வற்புறுத்தினார்கள். உபசாரம் என்பது இதுவா? மறுக்கவும் முடியாமல் சாப்பிடவும் முடியாமல் அவர் பட்ட சங்கடத்தைப் பார்த்தேன். இப்போதெல்லாம் அவர் கச்சேரி முடிந்ததும் சாப்பிடாமலே கிளம்பிவிடுகிறார். மனிதர்களைப் பார்க்கத்தானே சங்கத்துக்கு வருகிறோம்?

இனிப்பு இல்லாமல் மங்கல காரியமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயம்தான். ஒரே ஒரு இனிப்பு இருக்கட்டும், அதையும் சிறிய அளவில் வைக்கட்டும், கேட்டவர்களுக்கு மட்டும். நவராத்திரிக்கு ஒன்பது நாளும் விதவிதமாகச் சுண்டல் செய்யத் தெரிந்த நமக்கு, கூட்டங்களில் சுண்டல் கொடுப்பது ஒரு கஷ்டமா? காப்பியைச் சர்க்கரை இல்லாமல் கலந்து, சர்க்கரையைத் தனிக் கிண்ணத்தில் வைக்கலாம். ஓவியப் போட்டியில் ஜெயிக்கும் பிள்ளைக்குச் சாக்லேட் டப்பாவுக்குப் பதில் ஒரு தமிழ்ப் புத்தகம் கொடுக்கலாம். 2025-இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், தன் பள்ளிகளில் எந்தத் தின்பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் பலகைகளை வைக்கச் சொல்லியிருக்கிறது. பள்ளியில் அதைப் படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு நாம் கோலா பாட்டிலை நீட்டுவது நன்றாகவா இருக்கிறது?

செயற்குழு அடுத்த கூட்டத்திலேயே இதைப் பேசி முடிவு செய்ய வேண்டும். சமையல்காரரிடம் நானே பேசத் தயார். சுண்டலுக்குத் தேங்காய் துருவ மட்டும் நாலு பேர் வேண்டும்.