சட்டத்துக்கு முரண்பட்ட சிறாரின் மனநலப் பணி குறித்துப் புதுச்சேரி அரசுக்குச் சமர்ப்பிக்கும் கோரிக்கை மனு

பெறுநர்: புதுச்சேரி அரசின் தலைமைச் செயலர் அவர்கள், சமூக நலம், மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாடு, சுகாதாரம், காவல் ஆகிய துறைகளின் உயரதிகாரிகள்.

அனுப்புநர்: புதுச்சேரி நகரில் இச்சிறாரிடையே பணிபுரியும் மனநல ஆலோசகர், சமூகப் பணியாளர் சங்கத்தினர்.

பொருள்: பிடிபட்ட நாள் தொட்டு வீடு திரும்பிய பின்னும் அறுபடாத மனநலத் துணை வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

காவல் நிலையத்திலிருந்து இளைஞர் நீதிக் குழுமத்துக்கும், குழுமத்திலிருந்து கூர்நோக்கு இல்லத்துக்கும், இல்லத்திலிருந்து மீண்டும் தத்தம் வீட்டுக்குமாக அலைக்கழியும் சிறாரின் அருகிருந்து, அவர்கள் நெஞ்சில் மூண்டு கிடக்கும் பயத்தையும் கோபத்தையும் பச்சாத்தாபத்தையும் மெல்ல மெல்லப் பேச்சுக்குக் கொண்டுவருவதையே தொழிலாகக் கொண்ட நாங்கள், எங்கள் ஊதியத்தை மட்டும் முன்னிட்டு இம்மனுவைச் சமர்ப்பிக்கவில்லை. ஊதியமும் வரும், வரவேண்டிய இடத்தில் வரும். எங்கள் பிரதானமான வேண்டுகோள் ஒன்றே. ஒரு சிறுவன் முதன்முதலாகக் குழுமத்தின் முன் நிறுத்தப்படும் நாளில் அவனோடு பேசத் தொடங்கியவர் எவரோ, அவரே அவன் வீடு திரும்பிப் படிப்பிலோ தொழிலிலோ ஊன்றும் வரையில் அவனோடு பேசிக்கொண்டிருக்க வழி செய்யவேண்டும். பிற கோரிக்கைகள் யாவும் இதன் கிளைகளேயாம்.

இது நூதனமான கொள்கை அன்று. இந்நகரம் ஃபிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த காலத்திலேயே, 1945ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் தேதி ஃபிரான்சில் பிறந்த அவசரச் சட்டம், பிழை செய்த பாலருக்குத் தண்டனையைக் காட்டிலும் போதனையே முதன்மையானது என்று விதித்து, அவர்களுக்கெனத் தனி நீதிபதியையும் ஏற்படுத்தியது. எல்லைக்கு அப்பாலிருந்த சென்னை ராஜதானியிலோ, அதற்குக் கால் நூற்றாண்டு முன்னரே, 1920இல், குழந்தைகள் சட்டம் இயற்றப்பட்டாயிற்று. இன்று நடைமுறையில் இருப்பது 2016 ஜனவரி 15 முதல் அமலுக்கு வந்த, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அதன் 53ஆம் பிரிவு, அந்தந்தச் சிறுவனின் தேவைக்கேற்ற மனநல உதவியை இல்லங்கள் அளித்தே தீரவேண்டிய சேவைகளுள் வைத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகள், நூறு சிறார் தங்கும் இல்லத்துக்கு ஆலோசகரோ உளவியலாளரோ இருவர் வேண்டுமென்று கணக்கிடுவதோடு, தகுதி பெற்றவரின் பரிசோதனையும் நோய் நிர்ணயமும் இன்றி எச்சிறுவனுக்கும் மனநோய் மருந்து தரலாகாது என்றும் கட்டளையிடுகின்றன. ஆகவே நாங்கள் கேட்பது சலுகை அல்ல. எழுதி வைத்திருப்பதை நடத்திக் காட்டுங்கள் என்பதே.

எழுதி வைத்திருப்பது எங்கே அறுபடுகிறது என்பதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆலோசகர் நியமனம் பெரும்பாலும் குறுகிய கால ஒப்பந்தமாக இருப்பதாலும், அவ்வொப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்பது கடைசி வாரம் வரையில் தெரியாதிருப்பதாலும், பிள்ளைகளைச் சொந்த ஊரில் படிக்க வைக்கும் நிர்ப்பந்தம் உள்ள ஒருவர் சற்றே நிலையான வேறு வேலை கிடைத்ததும் போய்விடுகிறார். அவரைக் குறை கூற எங்களுக்கு வாயில்லை. அவர் போன பிறகு, புதிதாக வந்தவர் கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு பெயர், வயது, தகப்பனார் தொழில் என்று ஆரம்பிக்கும்போது எதிரே உட்கார்ந்திருக்கும் பையன் சொல்வதை அப்படியே எழுதுகிறோம்: "அந்த மேடத்துக்கிட்டயே எல்லாம் சொல்லிட்டேன் சார். மறுபடியும் மொதல்லேர்ந்தா?" தன் தாயை இரவுதோறும் அடித்த தகப்பனைப் பற்றி ஒருமுறை சொல்வதற்கே மாதக்கணக்கில் தைரியம் சேர்த்துக்கொண்ட சிறுவனை, அதை ஒவ்வோர் அந்நியரிடமும் ஒப்பிக்கச் செய்வது சிகிச்சை ஆகாது, பல சமயம் அது உபத்திரவமே. ஆதலால் ஆலோசகர் பணியிடங்களை நிரந்தரமாக்கவேண்டும். அது கைகூடும் வரையில் ஒப்பந்தம் மூன்றாண்டுக்குக் குறையாமலும், ஊதியம் அரசு மருத்துவமனையில் அதே தகுதியோடு பணிபுரிவோரின் ஊதியத்துக்குக் குறையாமலும், மாதந்தோறும் தவறாமலும் இருத்தல் வேண்டும்.

தொடர்ச்சி அறுபடும் இன்னோர் இடம் எல்லை. இதனை வெளியூரார் எளிதில் விளங்கிக்கொள்ளார். புதுச்சேரிப் பிரதேசம் ஒரே நிலப்பரப்பாக இல்லாமல், கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்குள் துண்டு துண்டாக விரவிக் கிடப்பது. முத்தியால்பேட்டையிலிருந்து வடக்கே சற்று நடந்தால் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. பள்ளி இப்பக்கமும் வீடு அப்பக்கமும் சிநேகிதர்கள் இரு பக்கமுமாக வளரும் பையன் இங்கே பிடிபட்டால், இங்குள்ள குழுமத்தின் முன் நிற்கிறான். விடுபட்டு வீடு சேர்ந்தால், அவனைப் பார்த்துவரும் பொறுப்பு விழுப்புரம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகைச் சேர்கிறது. இங்கு எழுதிய கோப்பு அங்கு போய்ச் சேர்வதற்குள் அவன் மறுபடி பிடிபட்டுத் திரும்பி வந்துவிடுவதும் உண்டு. கள்ளுக்கும் சாராயத்துக்கும் கஞ்சாவுக்கும் எல்லை தடையாக இல்லாதபோது, ஆலோசகரின் பயணப்படிக்கு மட்டும் அது தடையாக நிற்பது விசித்திரம். இரு அரசுகளின் துறைகளும் எழுத்து மூலமான உடன்பாடு செய்துகொண்டு, எல்லை தாண்டிச் சென்று சிறுவனைச் சந்திக்கும் அதிகாரத்தையும் செலவையும் எங்களுக்கு வழங்கவேண்டும். காரைக்காலுக்கும் இவ்வேற்பாடு பொருந்தும். மாகேயிலிருந்தோ ஏனாமிலிருந்தோ ஒரு சிறுவன் இங்குக் கொண்டுவரப்படுவானாயின், மலையாளத்திலோ தெலுங்கிலோ அவனோடு பேசவல்ல ஒருவர் முதல் நாளே வரவேண்டும்.

இனிச் சொல்லப்போவது சற்று நீளும்; இதில்தான் எங்கள் தொழிலின் மனச்சாட்சியே அடங்கியிருப்பதால் பொறுத்தருள வேண்டுகிறோம். பதினாறு வயது நிறைந்த சிறுவன்மீது கொடுங்குற்றம் சாட்டப்படுமாயின், அதைச் செய்யும் உடலாற்றலும் மனவாற்றலும் அவனுக்கு இருந்தனவா, விளைவை அறியும் சக்தி இருந்ததா, எந்தச் சூழ்நிலையில் அது நிகழ்ந்ததாகச் சொல்லப்படுகிறது என்பவற்றை மூன்று மாதத்துக்குள் குழுமம் ஆராய்ந்து மதிப்பிட வேண்டும் என்பது சட்டத்தின் 14, 15ஆம் பிரிவுகளின் விதி. அவன் சிறுவனாக விசாரிக்கப்படுவதும், குழந்தைகள் நீதிமன்றத்தில் வயதுவந்தவனைப்போல் விசாரிக்கப்படுவதும் இந்த மதிப்பீட்டைப் பொறுத்தே அமையக்கூடும். குழந்தை உளவியலிலோ குழந்தை மனநல மருத்துவத்திலோ பட்டம் பெற்றுத் தொழில் புரிவோர் குழுமத்தில் இல்லாவிடில், நிபுணர் உதவியை நாடுவது விருப்பமன்று, கட்டாயம் என்று பருண் சந்திர தாக்கூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 ஜூலை 13 அன்று தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாகத் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் வழிகாட்டு நெறிகளையும் வெளியிட்டது. தீர்ப்பு உசிதமானது. ஆனால் அந்த நிபுணர் யார் என்ற கேள்விக்கு அவசரத்தில் கிடைக்கும் விடை, இல்லத்திலேயே இருக்கும் ஆலோசகர் என்பதாக ஆகிவிடுகிறது.

சென்ற வாரம் ஒரு சிறுவனின் அழுகையைக் கேட்டு, நீ சொல்வது என்னோடு இருக்கும் என்று வாக்குக் கொடுத்தவரே, இந்த வாரம் அவன் அறிந்துதான் செய்தானா என்று எழுதித் தரவேண்டி நேருமானால், அந்த வாக்குக்கு என்ன மதிப்பு? சிறார் மூடர் அல்லர். புதிதாக வருபவனுக்குப் பழையவன் இரவில் பாயில் படுத்தபடி சொல்லித்தரும் முதற்பாடம், "எதையும் சொல்லாதடா, எழுதிடுவாங்க" என்பது. அந்த ஒரு வாக்கியம் பரவிவிட்ட இல்லத்தில் எத்தனை உளவியல் பட்டதாரிகளை நியமித்தாலும் பயனில்லை. மேலும், அரைமணி நேரத்தில் ஒரு புத்திக்கூர்மைச் சோதனையை நடத்தி, வந்த எண்ணைக் குறித்து, "புரிந்துகொள்ளும் திறன் உடையவன்" என்று ஒற்றை வரியில் முடித்துவிடும் வழக்கத்தையும் நாங்கள் ஆட்சேபிக்கிறோம். கணக்குப் போடத் தெரிந்தவன் கூட்டத்தின் நடுவே, போதையின் மயக்கத்தில், பெரியவன் ஒருவனின் ஏவலுக்கு எதிராக நின்று யோசிக்கவும் தெரிந்தவன் என்று எந்த உளநூலும் சொல்லவில்லை. எனவே, மதிப்பீட்டுக்கென ஒரு தனிப்பட்டியலை அரசு ஏற்படுத்தவேண்டும். அதில் குழந்தை மனநல மருத்துவரும் பயிற்சி பெற்ற உளவியலாளரும் இருக்கவேண்டும். எந்தச் சிறுவனுக்கு ஆலோசகராக இருக்கிறாரோ, அவன் மதிப்பீட்டில் அவர் ஒருபோதும் அமரலாகாது. ஆலோசகரின் குறிப்புகள் அந்தரங்கமானவை என்பதை அரசாணையாகவே வெளியிடவேண்டும். தற்கொலை எண்ணமோ பிறர் உயிருக்கு ஆபத்தோ தென்படும்போது அந்தரங்கத்தை மீறவேண்டிவரும் என்பதை நாங்கள் அறிவோம். அதனைச் சிறுவனுக்கும் முதல் நாளே சொல்லிவிடுகிறோம்.

தற்கொலை என்ற சொல்லை வேண்டுமென்றே இங்குப் பிரஸ்தாபித்தோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி, நாடு முழுவதற்கும் லட்சம் பேருக்கு 12.4 ஆக இருந்த தற்கொலை விகிதம், புதுச்சேரியில் 29.7. பொது ஜனங்களிடையே இதுவானால், பிளேடால் கீறிய கோடுகள் முழங்கை வரை வரிசையாக ஏறியிருக்கும் பையன்களிடையே நிலைமை என்னவென்று யூகிக்க அதிக அறிவு வேண்டியதில்லை. கஞ்சாவையோ வலி மாத்திரையையோ நாள்தோறும் உட்கொண்டு பழகியவன் பிடிபட்ட இரண்டாம் இரவில் கை நடுங்கி, வியர்த்து, வாந்தியெடுத்துக் கதவைத் தட்டும்போது, நடிக்கிறான் என்று காவலர் நினைப்பதற்கு அவர் கல்நெஞ்சர் என்பது காரணமல்ல. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்பதே காரணம். இளைஞர் நீதிச் சட்டத்தின் 93ஆம் பிரிவு இத்தகைய சிறுவனை மனநல மருத்துவமனைக்கு அனுப்பக் குழுமத்துக்கு அதிகாரம் தருகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 87ஆம் பிரிவோ, மைனர்களை வயதுவந்த நோயாளிகளிடமிருந்து பிரித்தே தங்கவைக்க வேண்டுமென்கிறது. இரண்டையும் ஒருங்கே நிறைவேற்றச் சில படுக்கைகளாவது தனியே ஒதுக்கப்படவேண்டும். 1823இல் ஃபிரெஞ்சுக்காரர் தொடங்கிய வைத்தியப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் நம் நகரிலேயே இருக்கிறது; அது மத்திய அரசின் ஸ்தாபனமாதலால் புதுச்சேரிச் செயலகத்தின் ஆணை அங்குச் செல்லாது, உடன்படிக்கை வேண்டும். அவ்வுடன்படிக்கையை இவ்வாண்டுக்குள் செய்து, இல்லத்துக்கு வாரம் ஒருமுறை மனநல மருத்துவர் வரவும், நள்ளிரவில் தொலைபேசியில் கேட்டால் பதில் சொல்லவும் ஏற்பாடு செய்யக் கோருகிறோம். இல்லப் பணியாளர் அனைவரையும், பெங்களூரு நிம்ஹான்ஸில் இடருக்குள்ளான சிறாருக்கென இயங்கும் சம்வாத் அமைப்பின் பயிற்சிக்கு முறைவைத்து அனுப்பவேண்டும். 2022 டிசம்பர் இறுதியில் செங்கற்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் பதினேழு வயதுப் பையன் தாக்கப்பட்டு இறந்ததும், ஊழியர்கள் கைதானதும், ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒரு நபர் குழு 2023இல் தமிழக அரசுக்கு அறிக்கை அளித்ததும் தாங்கள் அறிந்தவை. பயிற்சி இல்லாத கையில் அதிகாரத்தை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை.

விடுதலை நாளைப் பற்றியும் சொல்லவேண்டும். நம் நகரில் நாட்டு வெடிகுண்டு வீசும் கூட்டங்கள் சிறாரைச் சேர்த்துக்கொள்வது ரகசியமன்று. எந்தப் பேட்டை என்று நாங்கள் எழுதமாட்டோம். பெயர் எழுதினால், அப்பேட்டையின் நல்ல பையனுக்கும் நாளை யாரும் வேலை கொடார். ஜாமீன் கிடைத்த மாலையில், தாய் வேலையை முடித்துவிட்டு பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள், "அண்ணன்" அனுப்பிய ஆள் பைக்கோடு வாசலில் நிற்கிறான். வக்கீல் செலவும் அவனுடையது, புதுச் சட்டையும் அவனுடையது, பிரியாணிப் பொட்டலமும் அவனுடையது. மாதக்கணக்காக நாங்கள் பேசியதெல்லாம் அந்த பைக்கின் பின்னிருக்கையில் ஏறிப் போய்விடுகிறது. சிறாரைக் குற்றச் செயலுக்குப் பயன்படுத்தும் வயதுவந்தோருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 83ஆம் பிரிவைக் காவல்துறை தயங்காமல் பிரயோகிக்க வேண்டும். விடுதலையின் நேரத்தை ஆலோசகருக்கும் குடும்பத்துக்கும் முந்தின நாளே தெரிவித்து, அவர்கள் இருவரும் வந்தபின்னரே கதவு திறக்கப்படவேண்டும். பதினெட்டு வயது முடிந்தவுடன் எங்கள் கடமையும் முடிந்தது என்ற தற்போதைய எண்ணமும் மாறவேண்டும்: மாதிரி விதிகள் இருபத்தோரு வயது வரையிலும், விசேஷ காரணம் இருப்பின் இருபத்து மூன்று வரையிலும், பின்பராமரிப்புக்கு இடமளிக்கின்றன.

சில்லறைபோலத் தோன்றி, அன்றாடம் உறுத்துபவை மூன்று. பேசுவதற்கு ஓர் அறை வேண்டும். அரிசி மூட்டைகளுக்கு நடுவே, கதவைத் திறந்து போட்டு, வாசலில் காவலர் ஸ்டூலில் அமர்ந்திருக்க, எந்தச் சிறுவனும் எதையும் சொல்லான். எண்ணிக்கையில் குறைவு என்பதாலேயே மறக்கப்படும் சிறுமியருக்குப் பெண் ஆலோசகர் தனியே வேண்டும். இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, சிறுவயதுத் தீர்ப்பு பொதுவாகத் தகுதியிழப்பை உண்டாக்காது என்றிருக்க, போலீஸ் சரிபார்ப்பில் பழைய வழக்கைக் கிளறி வேலையைக் கெடுக்கும் பழக்கத்தை நிறுத்தச் சுற்றறிக்கை வேண்டும்.

இம்மனுவைத் துறைதுறையாகப் பிரித்து அனுப்பினால், ஒவ்வொருவரும் மற்றவர் பதிலுக்குக் காத்திருப்பதிலேயே ஓராண்டு கழிந்துவிடும் என்று அஞ்சுகிறோம். ஆகவே, மேற்கண்ட துறைகளின் அதிகாரிகள் ஒருசேர அமர்ந்து எங்களைக் கேட்க ஒரு நாள் குறித்தருளப் பிரார்த்திக்கிறோம். அது குழுமம் கூடாத நாளாக இருத்தல் நலம். குழும நாளில் எங்களுள் பெரும்பாலோர் சிறாரோடு இருக்கவேண்டியவர்கள்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
சங்கத்தின் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்
புதுச்சேரி