செவிலியரின் தட்டிலும் கேழ்வரகு வேண்டும்

பட்டுக்கும் அரிசிக்கும் பேர்போன ஆரணி வட்டாரத்தில் இருக்கிறது பெரணமல்லூர். தறியில் மணிக்கணக்காக உட்கார்ந்து நெய்பவர்களின் தட்டில் பெரும்பாலும் பட்டை தீட்டிய அரிசிச் சோறுதான். சர்க்கரை நோய்க்கு இதைவிடத் தோதான இடம் வேண்டியதில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இத்தகைய ஊர்களின் வீட்டு வாசலுக்கே மாத்திரையைக் கொண்டுவந்தது. பெரிய காரியம். மாத்திரையோடு, "கீரை, கேழ்வரகு சேர்த்துக்கோங்கம்மா" என்றும் சொல்ல வேண்டியவர்கள் செவிலியர் உள்ளிட்ட சுகாதாரப் பணியாளர்கள். ஆனால் காலையில் அவசரமாக நாலு இட்லி, தெருத்தெருவாக நடந்தபின் பிற்பகலில் ஆறிப்போன எலுமிச்சைச் சோறு என்று நாளை ஓட்டுகிறவருக்கு நார்ச்சத்து எங்கிருந்து வரும்?

பெரியவர்களுக்கு அன்றாடம் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி, 100 கிராம் கேழ்வரகில் சுமார் 11 கிராம் நார்ச்சத்து. தீட்டிய பச்சரிசியில் 3 கிராம்கூட இல்லை. இந்தப் பணியாளர்களின் பயிற்சி வகுப்பில் சொல்ல வேண்டியது இந்த எண்களைத்தான். 'சத்தான உணவு' என்ற பொதுப்பேச்சு யாருக்கும் உதவாது.

அறிவு மட்டும் போதாது. பொருளும் நேரமும் வேண்டும். நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023 முதல் ரேஷனில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு தரப்பட்டது. பெரணமல்லூர் இருக்கும் திருவண்ணாமலை மாவட்டத்துக்கும் அது வரட்டும். களப்பணியாளருக்கு மதிய உணவுக்கென்று அரை மணி நேரத்தைப் அரசு பணி அட்டவணையிலேயே எழுதித் தரட்டும்.