நெருப்பின் இடைவெளி

ரயில் ரேணிகுண்டாவை விட்டுத் திருப்பதியை நெருங்குகையில் சேஷாசல மலைத்தொடர் கண்ணிற்படும். கோடையில் அதைக் காணும் நம் ஊர் உறவினர், “ஏன் இப்படிக் காய்ந்து கிடக்கிறது? அடர்த்தியாக மரம் நட்டால் என்ன?” என்று வினவுவதுண்டு. அன்பர்கள் அவர்களுக்கு விடை கூற உதவுமென்றே இதனை எழுதுகிறேன்.

காடெனில் இருண்டு அடர்ந்திருக்க வேண்டுமென்பதில்லை. மத்திய அமெரிக்காவில் பெலிஸ், ஹோண்டுராஸ், நிகராகுவா நாடுகளின் வெப்பமான தாழ்நிலங்களில் பைன் மரங்கள் விலகி விலகி நிற்கின்றன, இடையெல்லாம் புல். வறட்சிக் காலத்தில் புல் பற்றி எரியும். தடித்த பட்டையுடைய முதிர்ந்த பைன் பிழைத்துக்கொள்ளும். பிற மரக்கன்றுகள் பெரும்பாலும் கருகும். நெருப்பே இல்லாவிடின் அக்கன்றுகள் ஓங்கி நிழல் பரப்ப, வெயில் விரும்பும் இளம் பைன் நலியும். ஆண்டுதோறும் எரிந்தாலோ பைன் கன்றுகளே தலையெடுக்கமாட்டா. ஆகவே, நெருப்புக்கும் நெருப்புக்கும் உள்ள இடைவெளியே அக்காட்டின் ஆயுள்.

சேஷாசலத்தில் இயற்கையாக வளரும் பைன் இல்லை. ஆயினும், பைனைப் போலவே கனிக்குள் மூடாத விதை தரும் தூரத்து உறவு ஒன்று இங்குண்டு. சைகஸ் பெட்டோமி என்பது அதன் பெயர். சென்னை மாகாண வன அதிகாரியாயிருந்த பெட்டோம் துரையின் நினைவாக இடப்பட்டது. குட்டைப் பனை போன்ற தோற்றமுடையது. புல் மண்டிய திறந்த சரிவுகளில் வளர்வது. தீயில் இலைகள் கருகினும், தண்டைப் போர்த்திய பழைய இலையடிகள் கவசமாய் நின்று காக்க, மீண்டும் துளிர்க்கும். இம்மலைகளும் இவற்றையடுத்த மலைகளுமன்றி உலகில் வேறெங்கும் அதற்குத் தாயகமில்லை. செம்மரமும் வெட்டுண்ட அடியிலிருந்து துளிர்க்கவல்லதே.

எனினும், துளிர்க்கும் செடிக்கும் ஓய்வு வேண்டுமன்றோ? இளங்கன்று வேரூன்றுமுன் மறுபடி தீ வந்தால், முதிர்ந்தவை நிற்கும். அடுத்த தலைமுறை இராது. 2014 மார்ச்சில் திருமலைக் காட்டில் மூண்ட பெருந்தீயை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டர்களே வரவேண்டியதாயிற்று. 1989இல் தேசியப் பூங்காவும், 2010இல் உயிர்க்கோளக் காப்பகமும் இங்கே ஏற்பட்டன. ஆனால் ஒரு தீக்குச்சியைச் சட்டம் வந்து அணைக்காது.

ஆதலின், மலையேறும் விருந்தினரிடம் இரண்டு செய்திகளைக் கூறி அனுப்புவோம். புல்வெளியைப் பாழ்நிலமென்று எண்ணற்க, அதுவும் காடே. புகையும் துண்டையும் தீக்குச்சியையும் வழியில் எறியற்க.