பிண்ணாக்கும் பூதக்கண்ணாடியும்

விழுப்புரம், திண்டிவனம் தாலுகாக்களில் மணிலாக்கொட்டை முக்கியமான பயிர் என்பதையும், திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் 1940-ம் வருஷத்தில் வெளியிட்ட டி.எம்.வி. 2 ரகம் வெளி ராஜ்யங்களிலும் பரவியதையும் நிலச்சுவான்தார்கள் நன்கறிவர். விதையில் இவ்வளவு சிரத்தை காட்டும் நாம், அதன் பிண்ணாக்கைக் கறவை மாட்டுக்கு வைக்குங்கால் அச்சிரத்தையில் பாதியேனும் காட்டுவதில்லை.

பிண்ணாக்கை முகர்ந்தும், நாவிலிட்டும் அதன் குணம் அறிவது நம் பெரியோர் வழக்கம். கட்டியாகக் கிடைத்த காலத்தில் அது போதியதாயிருந்தது. தூளாக்கி மூட்டையில் வரும் கலப்புத் தீவனத்துக்கு அது போதாது. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைப் பூதக்கண்ணாடி ஒன்று வேண்டும். ஒரு பிடித் தீவனத்தைச் சலித்து, வெள்ளைத் தட்டில் பரப்பி நோக்குக. நெல் உமி வரிவரியான மேடுபள்ளங்களுடன் மின்னும். மணல் கண்ணாடிச் சில்லுபோல் தோன்றும். மணிலாத் தோடு நார்ப்பின்னலாய்க் காணும். பளபளப்பான புள்ளித் தோல் தென்படின் அது ஆமணக்கு எனச் சந்தேகித்து, அம்மூட்டையை உடனே ஒதுக்குக. ஆமணக்கிலுள்ள ரைஸின் என்னும் விஷம் மாட்டைக் கொல்ல வல்லது. எருவுக்காக ஆமணக்குப் பிண்ணாக்கு வந்த சாக்கில் தீவனத்தைக் கொட்டுவதும் கூடாது.

ஆனால் கண்ணாடிக்கும் ஓர் எல்லையுண்டு. மைக்ராஸ்கோப்பில் பூஞ்சணத்தின் இழைகள் தெரியும். அது விளைக்கும் அஃப்ளடாக்ஸின் என்னும் விஷம் தெரியாது. அதற்கு ரஸாயனப் பரீக்ஷையே வழி. 1960-ல் இங்கிலாந்தில் லக்ஷத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டது, பூஞ்சணம் பற்றிய மணிலாப் பிண்ணாக்கினாலேயே. மாடு தின்ற இவ்விஷத்தில் ஒரு பங்கு பாலிலும் இறங்குகிறது. 2018-ல் தேசமெங்கும் நடந்த பால் பரிசோதனையில், தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளுள் 88-ல் இது அனுமதித்த அளவை மீறியிருந்தது. வேறெந்த ராஜ்யத்திலும் இத்தனை மாதிரிகள் மீறவில்லை.

உமியைக் கலப்பவர் வியாபாரியாயிருக்கலாம். பூஞ்சணத்தை வளர்ப்பவர் பல சமயங்களில் நாமேயாவோம். ஈரக் காயை அம்பாரமிடுகிறோம். பூசணம் பிடித்த சொத்தைப் பருப்பை, எண்ணெய்க்காவது உதவட்டும் என்று செக்குக்கு அனுப்புகிறோம். விஷத்தின் பெரும்பங்கு எண்ணெயில் போகாமல் பிண்ணாக்கிலேயே தங்கி, நம் தொழுவத்துக்கே திரும்பி வருகிறது.

ஆகவே என் அபிப்பிராயம் இது. குலுக்கினால் பருப்பு ஒலிக்கும்வரை காயை உலர்த்துக. சொத்தையைச் செக்குக்கு அனுப்பாது அழித்துவிடுக. ஒவ்வொரு பால் உற்பத்தியாளர் சங்கத்திலும் ஒரு பூதக்கண்ணாடி இருத்தல் வேண்டும். சந்தேகத்துக்குரிய மாதிரியை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலுள்ள தீவனப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்புதல் நலம். ஒரு கறவையின் விலையை நோக்க இச்செலவு அற்பமே. கிராம அதிகாரிகள் இதனைத் தத்தம் ஊரில் எடுத்துரைத்து, முதலில் தம் தொழுவத்திலேயே அநுஷ்டித்துக் காட்டுவார்களாக.