குரங்கு மனுஷனா மாறுனதை யார் பார்த்தா?

இந்தக் கேள்வியை ஒரு வாட்ஸ்அப் அங்கிள் கேட்டிருந்தா சிரிச்சிட்டுக் கடந்து போயிருப்பேன். போன வாரம் நைட் டியூட்டியில் கேட்டவர் ஒரு டாக்டர். அதே எம்.பி.பி.எஸ். அதான் இவ்வளவு நீளமான திரெட். கொஞ்சம் பொறுமையா படிங்க.

டார்வின் அப்படிச் சொல்லவே இல்லைங்க. சிம்பன்சி நம்ம தாத்தா கிடையாது, பங்காளி. ரெண்டு பேருக்கும் சுமார் 60-70 லட்சம் வருஷம் முன்னாடி ஒரு பொது மூதாதை. உங்க பெரியப்பா மகனா உங்களைப் பெத்தார்?

"அது வெறும் தியரி தானே"ன்னு அடுத்த கேள்வி. கிருமிகளால் நோய் வருதுங்கிறதும் ஜெர்ம் தியரி தான். அதுக்காக கை கழுவாம தியேட்டருக்குள்ள போவீங்களா டாக்டர்?

டார்வின் மதத்தை ஒழிக்கக் கிளம்புன ஆள் இல்லை. எடின்பரோவில் மருத்துவம் படிக்கப் போய், மயக்க மருந்து இல்லாத காலத்து ஆபரேஷனைப் பார்க்க முடியாம ஓடி வந்தவர் (மனசாட்சி உள்ள மனுஷன்!). அப்புறம் பாதிரியார் ஆகலாம்னு கேம்பிரிட்ஜ் போனார். 1831-ல் பீகிள் கப்பல் ஏறி அஞ்சு வருஷம் சுத்தினார். 1838-லேயே இயற்கைத் தேர்வு பிடிபட்டுடுச்சு. ஆனா வெளியிட இருபது வருஷம் தயங்கினார். உயிரினங்கள் மாறும்னு சொல்றது கொலையை ஒத்துக்கிற மாதிரி இருக்குன்னு 1844-ல் நண்பர் ஹூக்கருக்கு எழுதினார். 1858-ல் மலாய்த் தீவுகள்ல இருந்த வாலஸ் அதே கருத்தை எழுதி அனுப்பின பிறகுதான் அவசரமா எழுதி, 1859 நவம்பரில் புத்தகம்.

எல்லா மதகுருவும் எதிர்த்தாங்கன்னு நினைக்காதீங்க. 1860-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பிஷப் வில்பர்ஃபோர்ஸ் எதிர்த்தார். சார்லஸ் கிங்ஸ்லிங்கிற பாதிரியார் வரவேற்றார். 1996-ல் போப் இரண்டாம் ஜான் பாலே இது வெறும் யூகத்துக்கும் மேலன்னு சொல்லிட்டார். டார்வினைப் புதைச்ச இடம் வெஸ்ட்மின்ஸ்டர் அபே, அதுவும் ஒரு சர்ச்.

அப்போ சண்டை எங்கே? வகுப்பறையில். 1925-ல் அமெரிக்காவின் டென்னசியில் இதைப் பாடம் நடத்தினதுக்கு ஜான் ஸ்கோப்ஸ்ங்கிற வாத்தியாருக்கு 100 டாலர் அபராதம். அந்தச் சட்டம் 1967 வரைக்கும் இருந்துச்சு. இப்போ கோர்ட், அபராதம் எதுவும் வேண்டாம். பாடத்தையே எடுத்துட்டா முடிஞ்சது. 2023-ல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் பரிணாமம் இல்லை. சுமையைக் குறைக்கிறாங்களாம்! பிளஸ் டூ பயாலஜியில் இருக்கேன்னு சமாதானம் வேற. காமர்ஸ் எடுத்த பிள்ளை எங்கே போய்ப் படிக்கும்?

சரி, யார் பார்த்தா? நாம தான் டாக்டர், தினமும் பார்க்கிறோம். ஒரு ஆன்டிபயாடிக் கொடுத்தா பலவீனமான பாக்டீரியா சாகுது. தற்செயலா எதிர்ப்பு மரபணு உள்ளது தப்பிச்சுப் பெருகுது. சில பாக்டீரியாவுக்கு ஒரு தலைமுறைன்னா வெறும் இருபது நிமிஷம். இதுதான் இயற்கைத் தேர்வு, நம்ம வார்டிலேயே நடக்குது.

அன்னைக்கு ராத்திரி அந்த நண்பர் கையில் ஒரு யூரின் கல்ச்சர் ரிப்போர்ட் இருந்துச்சு. வரிசையா ரெசிஸ்டன்ட், ரெசிஸ்டன்ட். கேள்வியைக் கேட்டுக்கிட்டே கேஸ் ஷீட்டில் பழைய மருந்தை அடிச்சிட்டு மெரோபெனம் எழுதினார்.