விளக்குக் கம்பத்தை யாரிடம் கேட்பது?

'கூட்டு நடவடிக்கை' என்ற சொல்லைக் கேட்டாலே நம் பத்திரிகைகளுக்கு ஒரு குஷி. போலீசும் ஊராட்சி மன்றமும் ஒரே படத்தில் நின்றால் குற்றம் பாதி குறைந்துவிட்ட மாதிரி எழுதிவிடுவார்கள். அந்தப் படத்தில் யார் இல்லை என்று கேட்கத்தான் இந்தக் கட்டுரை.

நான் வளர்ந்தது பிரிஞ்சாங் பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். சில வருடங்களுக்கு முன் பக்கத்து வீட்டு அக்கா கடை வேலை முடிந்து இரவில் திரும்பும்போது, சாலையிலிருந்து லயத்துக்கு ஏறும் வளைவில் மோட்டாரில் வந்த இருவர் கைப்பையைப் பறித்துக்கொண்டு போனார்கள். புகார் கொடுக்க நானும் கூடப் போனேன். ஒழுங்காக எழுதிக்கொண்டார்கள். "அந்த எடம் ரொம்ப இருட்டு, மொதல்ல லைட்டு போடச் சொல்லுங்க" என்றார்கள். லைட்டு கேட்டுப் போன கவுண்டரில், "அது தோட்டத்து நிலம், நாங்க கை வைக்க முடியாது" என்றார்கள். தோட்டத்து ஆபீசிலோ, "வளைவு வரைக்கும் அரசாங்க ரோடு" என்றார்கள். மூன்று இடத்திலும் மரியாதையாகத்தான் பேசினார்கள். லைட்டு மட்டும் வரவில்லை. நான் மின்பொறியியல் படித்தவன். ஒரு கம்பத்தை நட்டு விளக்கு மாட்ட எத்தனை பேர், எத்தனை மணி நேரம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். யார் கையெழுத்து வேண்டும் என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.

நாட்டில் திட்டம் இல்லாமல் இல்லை. 2004-இல் 'பண்டார் செலாமாட்' வந்தது. ஊராட்சி மன்றங்கள் போலீசோடு சேர்ந்து, குற்றத்துக்கு இடம் கொடுக்காதபடி நகரத்தை அமைக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை: நடைபாதை ஓரம் தடுப்புக் கம்பி, சந்து முனையில் கண்ணாடி, விளக்கு, கேமரா. நல்ல யோசனை, மறுக்கவில்லை. 2010-இல் குற்றக் குறைப்பு அரசாங்கத்தின் முதன்மை இலக்குகளில் ஒன்றானபோது தேர்ந்தெடுத்த 50 இடங்களும் கோலாலம்பூர், சிலாங்கூர், பினாங்கு, ஜொகூரில் இருந்தன. புகார் எங்கே அதிகமோ அங்கே கவனம். கணக்குப்படி சரிதான். ஆனால் அந்தக் கணக்கில் யார் வருகிறார்கள்? இன்று எங்கள் மலையில் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். பெர்மிட் முடிந்துபோன ஒருவன் சம்பளப் பணத்தைப் பறிகொடுத்தால் போலீஸ் நிலையப் படி ஏறுவானா? அவன் ஏறாதவரை, கணக்கில் அந்தத் திருட்டு நடக்கவே இல்லை.

சரி, கேமரன் மலைக்குக் கூட்டு நடவடிக்கை வரவே இல்லையா? வந்தது. 2013 அக்டோபர் 23 அதிகாலையில் சுல்தான் அபு பக்கார் அணை திறக்கப்பட்டு பெர்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போயின. மேலே மலையை அழித்து வெட்டிய மண் வருடக்கணக்கில் அணையில் சேறாய்ச் சேர்ந்திருந்தது. 2014-இல் பல துறைகள் சேர்ந்து 'ஓப்ஸ் காடிங்' நடத்தின. சட்டவிரோத நில அழிப்பும் பெர்மிட் இல்லாத அந்நியத் தொழிலாளர்களும் இலக்கு. எனக்கு ஒரு சந்தேகம். மண்வாரி இயந்திரம் சட்டைப்பையில் வைத்துக் கடத்துகிற சாமான் இல்லை. தாப்பாவிலிருந்து ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் என்று ஊர் நடுவே ஏறுகிற 59-ஆம் சாலை மாதிரி எல்லார் கண்ணிலும் படுகிற சாலைகளில்தான் அதை லோரியில் கொண்டுவர முடியும். அத்தனை வருடம் அது யார் கண்ணிலும் படவில்லையா? ஆள் பிடிக்கக் கூடுகிற துறைகள், மண் சரியும் முன்னே ஏன் கூடவில்லை?

என் பதில் இதுதான்: கூடச் சொல்லிக் கேட்கிற உரிமை நமக்கு இல்லை. போலீஸ் மத்திய அரசாங்கத்துக்குக் கீழே, ஊராட்சி மன்றம் மாநில அரசாங்கத்துக்குக் கீழே. இருவரும் பதில் சொல்வது மேலிடத்துக்கு. 1965-இல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தலை நிறுத்தினார்கள். மோதல் அடுத்த வருடமே முடிந்தது, தேர்தல் திரும்பவில்லை. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் நியமனத்தையே நிரந்தரமாக்கியது. ஊராட்சி அனுபவம் உள்ளவர், தொழிலிலோ வணிகத்திலோ சிறந்து விளங்கியவர், தம் சமூகத்தைப் பிரதிநிதிக்கக்கூடியவர் என்று மாநிலம் கருதுகிறவர் உறுப்பினர் ஆகலாம். முப்பது வருடம் கொழுந்து பறித்த அம்மா இதில் எந்த வகை என்று யாராவது சொல்லுங்கள்.

இதையெல்லாம் அலசிய அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். 1968-இல் முடிந்து 1971-இல் வெளிவந்த அறிக்கை, தேர்தல் வேண்டும் என்றது. ஜான்சி ராணிப் படையின் ஜானகியைப் பற்றிக் கூட்டம் போடுகிறோம், நல்லது. அவர் கணவர் தலைமையில் வந்த இந்த அறிக்கையைப் பற்றி நம்மில் எத்தனை பேர் பேசியிருக்கிறோம்?

இங்கிலாந்தில் 1998-இல் ஒரு சட்டம் வந்தது. போலீசும் மன்றமும் சேர்ந்து வட்டாரத்தின் குற்ற நிலையை ஆராய்ந்து, அதை வெளியிட்டு, மக்கள் கருத்தைக் கேட்ட பிறகே திட்டம் போட வேண்டும் என்றது. அங்கே எல்லாம் சொர்க்கமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் விளக்கு வராவிட்டால் அடுத்த தேர்தலில் தோற்கப்போகிற ஒருவர் அங்கே இருக்கிறார்.

"ஊராட்சித் தேர்தல் வந்தால் கட்சிச் சண்டை, இனச் சண்டை வரும்" என்பார்கள். 2019 ஜனவரி இடைத்தேர்தலில் இதே கேமரன் மலை ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஒருவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. நாட்டின் மக்களவைக்குத் தேர்வான முதல் ஓராங் அஸ்லி அவர். போலீஸ்காரரை எடைபோட்டு ஓட்டுப் போடத் தெரிந்த ஊருக்கு, தெருவிளக்குக்கு ஓட்டுப் போடத் தெரியாதா?

தேர்தல் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். அதே 1976 சட்டத்தில் 23-ஆம் பிரிவு இருக்கிறது: தனியாகத் தீர்மானம் போட்டு மூடினால் தவிர, மன்றக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. பேச விடுவார்களோ என்னவோ, போய் உட்காரலாம். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அக்காவைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். அந்த வளைவில் இன்னும் இருட்டுதான்.