குளிரு மேல பழியைப் போடாதீங்க

மார்கழி பொறந்தாச்சு. சேர்வராயன் கோயில் பக்கம் காலையில எட்டு மணி ஆனாலும் பத்தடி தள்ளி நிக்கற ஆளு தெரியறதில்ல. காப்பிப் பழம் பறிக்கற காலமும் இதுதான். மலையில பழைய கார், ஜீப்பு வச்சிருக்கறவங்க இந்த மாசம் அடிக்கடி சொல்ற வார்த்தை ஒண்ணு இருக்கு: "பிரேக்கு ஒரு மாதிரி இருக்கு, குளிருக்கு அப்படித்தான்." அந்த வார்த்தையை விட்டுடுங்கன்னு சொல்லத்தான் இதை எழுதறேன். நானும் அப்படிச் சொல்லிக்கிட்டு திரிஞ்சவன்தான்.

போன மார்கழி. என் கார் இருபது வருஷம் ஓடின பெட்ரோல் வண்டி. டிக்கியில ரெண்டு மூட்டை காப்பிக்கொட்டை. பின் சீட்டுல, எங்க தோட்டத்துக்குப் பறிப்புக்கு வர்ற ரெண்டு அக்காங்க, சேலம் ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு ஏறினாங்க. ஏற்காட்டுல இருந்து அடிவாரம் வரைக்கும் 20 கொண்டை ஊசி வளைவு, கிட்டத்தட்ட நாலாயிரம் அடி இறக்கம். நான் மூணாவது கியர்ல, பிரேக் மேலயே காலை வச்சு இறக்கிட்டு வந்தேன். பாதி மலையில பெடல் மெத்து மெத்துன்னு ஆச்சு. அடுத்த வளைவுல மிதிச்சா தரை வரைக்கும் போயிடுச்சு.

ரெண்டாவது கியருக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்து, மலைப் பக்க ஓரத்துல உரசி நிறுத்தினேன். பின்னாடி இருந்து "சேர்வராயா"ன்னு ஒரே ஒரு சத்தம். அப்புறம் ரொம்ப நேரம் யாரும் பேசல.

அரை மணி நேரம் கழிச்சு மிதிச்சுப் பார்த்தா பெடல் பழையபடி கெட்டியா இருக்கு! கீழ ஒரு மெக்கானிக்கிட்ட காட்டினேன். "ஒண்ணுமில்லண்ணா, குளிருக்கு அப்படித்தான்"னு அனுப்பிட்டார். மனசு கேக்காம வேற ஒரு பெரியவர்கிட்ட போனேன். அவர் பிரேக் ஆயில் டப்பா மூடியைத் திறந்தார். உள்ள டிகாக்‌ஷன் மாதிரி கறுப்பு. "மாத்தி எத்தனை வருஷம் ஆச்சு?"ன்னு கேட்டார். எங்கிட்ட பதில் இல்ல.

விஷயம் இதுதான். பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும். புது டாட்-3 ஆயில் குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது. நூத்துக்கு நாலு பங்கு தண்ணி கலந்தாலே அது 140 கிட்ட இறங்கிடும். இறக்கத்துல சக்கரம் சூடாகி ஆயில் கொதிச்சா குழாய்ல ஆவி நிக்கும். ஆவியை மிதிச்சா அமுங்குமே தவிர பிரேக் பிடிக்காது. ஆறினதும் ஆவி மறுபடி ஆயிலோட சேர்ந்துடும், கோளாறும் ஒளிஞ்சுக்கும். அதனால மெக்கானிக்கிட்ட "பிரேக் சரியில்ல"ன்னு மட்டும் சொல்லாதீங்க. எப்போ, எத்தனை வளைவு தாண்டி, எப்படி ஆச்சுன்னு சொல்லுங்க.

குளிரோட வேலை எதுன்னா, ராத்திரி பனியில லேசா துரு பிடிச்சு, காலையில முதல் நாலஞ்சு மிதிக்கு "கிரீச்"சுங்கும். ஈரத்துல ஹேண்ட் பிரேக் இழுத்தே விட்டா ஒட்டிக்கும். சமதளத்துல கியர்ல போட்டு, சக்கரத்துக்குக் கல் வச்சா போதும். அதுக்கு மேல எது இருந்தாலும் கோளாறுதான்.

கிளம்பறதுக்கு முன்னாடி நான் பாக்கறது:

ஆயில் ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்கணும். குறைஞ்சா ஒண்ணு கசிவு, இல்ல பேட் தேய்ஞ்சிருக்கு.

இஞ்சினை ஆஃப் பண்ணி அஞ்சாறு தடவை மிதிச்சு, காலை எடுக்காம ஸ்டார்ட் பண்ணணும். பெடல் கொஞ்சம் கீழ இறங்கணும். இறங்கலைன்னா பூஸ்டரையும் அதோட குழாயையும் பாக்கணும்.

அரை நிமிஷம் ஒரே சீரா அழுத்தி வச்சா பெடல் மெதுவா கீழ போகுதா? மாஸ்டர் சிலிண்டரோ கசிவோ. வண்டியை எடுக்காதீங்க.

மெதுவா ஓட்டிப் பிரேக் போட்டா வண்டி இடப்பக்கம் இழுக்குதா? வலப்பக்கம் சரியா பிடிக்கல.

இதுக்கெல்லாம் அஞ்சு நிமிஷம். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா ஆயில் மாத்தறதுக்கு ஆகற செலவு, ஒரு மூட்டை காப்பியில ஒரு மூலை. பெட்ரோல் மிச்சம்னு இறக்கத்துல இஞ்சினை ஆஃப் பண்றவங்களுக்கும் ஒண்ணு சொல்றேன்: பூஸ்டர் உதவி போயிடும், பெடல் கல்லாயிடும், கியரும் பிடிச்சுக்காது. ஏறின கியர்லயே இறங்குங்க.

நம்ம வண்டியில நாம மட்டும் போறதில்ல. நம்மளை நம்பி ஆளுங்க ஏறி உக்காருறாங்க. அந்த ரெண்டு அக்காங்களும் இந்த வருஷமும் பறிப்புக்கு வர்றாங்க. சேலம் போகணும்னா பஸ்ஸுலதான் போறாங்க. நான் ஒண்ணும் கேக்கல.